எங்கே கசியும்

— ஒரே தொகைன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கீங்க தம்பி. அதுக்குக் கீழ எறும்பு வரிசை மாதிரி ஒண்ணு ஓடுதே, அது என்ன?

— அது ஒண்ணும் இல்லை சார். நிபந்தனைகளுக்கு உட்பட்டதுன்னு போட்டிருக்கு. வெப்சைட் செய்யற எல்லாரும் போடறதுதான்.

— எல்லாரும் போடறாங்கன்னா எல்லாரும் அதுலதான் சம்பாதிக்கறாங்கன்னு அர்த்தம். கண்ணாடியைப் போட்டாலும் தெரியலை, கழட்டினாலும் தெரியலை. சில்லு, நீ படிம்மா.

— மொதல்ல நீ மூச்சு வாங்கி முடிப்பா. மூணு மாடி ஏறியிருக்க.

— ஏறினதுக்கு இவர்கிட்ட தனியா காசு கேக்கலாமான்னு பார்க்கறேன். தம்பி, உங்க விளம்பரத்துல லிஃப்ட் ஓடாதுன்னு போடலை. அதுவும் இந்த எறும்புக்குள்ளதான் இருக்கா?

— லிஃப்ட் ரிப்பேர் சார். நாளைக்கு ஆள் வர்றான்.

— எல்லா லிஃப்ட்டுக்கும் நாளைக்குத்தான் ஆள் வருவான். படி சில்லு.

— "டொமைன் முதல் வருடம் மட்டும் இலவசம். ஹோஸ்டிங் புதுப்பிப்பு அப்போதைய விலைப்படி. படங்கள், எழுத்து, மின்னஞ்சல், பிற்காலத் திருத்தங்கள் இதில் அடங்காது." அவ்வளவுதான்ப்பா.

— அப்ப இதுல அடங்கறது எது தம்பி? நான் உக்காந்திருக்கற நாற்காலியா?

— சார், பேசிக்கா என்னன்னா...

— பேசிக்கா நான் யாருன்னு சொல்லிடறேன், உங்களுக்குச் சுலபமா இருக்கும். நான் மீன் தொட்டி செய்யறவன். நாலு பக்கமும் கண்ணாடி, நடுவுல தண்ணி. ஊருக்குள்ள இத்தனை வீட்ல தண்ணியை நிக்க வெச்சிருக்கேன், அதுல ஒரு சொட்டுகூட கட்டிலுக்கு அடியில போனதில்லை. ஏன்னா ஒட்டின அன்னிக்கே குடுக்க மாட்டேன். பழைய செய்தித்தாளை விரிச்சு, அது மேல தொட்டியை வெச்சு, விளிம்பு வரைக்கும் தண்ணி விட்டு, ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகமாட்டேன். எங்கயாவது கசிஞ்சா தாள் நனைஞ்சு காட்டிக் குடுத்துடும். இப்ப உங்க அடியில தாளை விரிச்சு வெச்சிருக்கேன். எங்க கசியும்னு நீங்களே சொல்லிட்டா நல்லது. நானா கண்டுபிடிச்சா என் வாய் சரியில்லை.

— நிஜமாவே சரியில்லை சார். அப்பா, வேணும்னா தண்ணி குடிச்சுட்டுக் கேளுங்கன்னு அவர் சொல்ல வந்தாரு, நீ நடுவுல பேசற.

— உன்னை யாரு அவருக்கு வக்கீல் வெச்சது? சொல்லுங்க தம்பி. இந்த டொமைன்னா என்ன?

— உங்க சைட்டோட பேரு சார். ஜனங்க ஃபோன்ல எந்தப் பேரைத் தட்டினா உங்க சைட் வருமோ, அது.

— பலகை மாதிரி.

— கரெக்ட் சார், பலகை மாதிரி.

— பலகை யாரு பேர்ல இருக்கும்?

— எங்க கணக்குல பதிவு பண்ணிடுவோம் சார். உங்களுக்குத் தொந்தரவு இருக்காது.

— என் கடைக்குப் பலகை எழுதித் தருவீங்க. காசு நான் குடுப்பேன். பலகை உங்க வீட்டுது. நாளைக்கு உங்களை விட்டுட்டு வேற ஆள்கிட்டப் போகணும்னா?

— மாத்தித் தர ஒரு சின்ன சார்ஜ் இருக்கு சார்.

— எவ்வளவு சின்னது?

— சைட் செஞ்ச தொகையில பாதி.

— உங்க அகராதியில பெரிசுன்னா என்னன்னு கேக்கவே பயமா இருக்கு. இவளுக்குத் தெரியும், எங்க தெருவுல ஒரு மெத்தைக்காரர். இப்படித்தான் ஒருத்தர் தொந்தரவு இல்லாம பாத்துக்கிட்டார். அடுத்த வருஷம் மூணு மடங்கு கேட்டார். மெத்தைக்காரர் முறைச்சுக்கிட்டார். இப்ப அந்தப் பேரைத் தட்டினா மெத்தை வரலை, சூதாட்டம் வருது. ஒரு பொம்பளை கண்ணடிச்சு உள்ள வாங்கன்னு கூப்பிடறா. மெத்தைக்காரர் சம்சாரம் ஒரு வாரம் அவரோட பேசலை. மனுஷன் செஞ்ச மெத்தையிலயே படுக்க விடலை.

— சார், நாங்க அந்த மாதிரி ஆளு இல்லை.

— அவரும் அந்த மாதிரி ஆளு இல்லைன்னுதான் ஆரம்பிச்சார். எழுதிக்கோங்க. பேரு என் பொண்ணு பேர்ல. அவளோட ஈமெயில், அவளோட ஃபோன். பாஸ்வேர்டு அவ கையில.

— உங்க பேர்ல வேணாமா சார்? நீங்கதானே ஓனர்.

— என்னை ஒரு தடவை நல்லாப் பாருங்க தம்பி. பத்து வருஷத்துக்குப் பதிவு பண்றதை என் பேர்லயா பண்ணுவீங்க?

— அப்பா.

— பொதுவாச் சொன்னேன்மா. வயசானவங்களைப் பத்தி.

— பத்து வருஷமா சார்? யாரும் அப்படிக் கட்டறதில்லை. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கட்டிட்டு அப்புறம் பார்ப்பாங்க.

— அதையேதான் நானும் சொல்றேன் சார். ஒரு வருஷம் போட்டுப் பார்ப்போம்ப்பா. ஓடினா அப்புறம் கட்டலாம். இதுல என்ன அவசரம்?

— ஒரு வருஷத்துக்கு மட்டும் பலகை மாட்டினா பார்க்கறவனுக்கே ஒரு மாதிரி இருக்கும் சில்லு, கடை எப்ப மூடும்னு. தம்பி, பத்து வருஷம் கட்ட முடியுமா முடியாதா?

— பேருக்கு முடியும் சார். பத்துதான் அதிகபட்சம்.

— பாருங்க, நான் கேட்டது சரியா அளவு பார்த்து வெட்டின மாதிரி வந்திருக்கு. அடுத்தது?

— ஹோஸ்டிங். சைட் குடியிருக்கற இடம்னு வெச்சுக்கோங்க. அதுக்கு வாடகை.

— எவ்வளவு?

— மொத வருஷம் ஆயிரம்தான் சார்.

— ரெண்டாவது வருஷம்?

— அது அந்தக் கம்பெனிக்காரங்க... ஓப்பனாச் சொல்லணும்னா மூவாயிரம் ஆகும்.

— தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் இறக்கி முடிஞ்சு, சுவத்துல ஆணி அடிச்சப்புறம் வாடகையை ஏத்தறது. நான் குடியிருந்த எல்லா வீட்டுக்காரனும் இப்ப கம்ப்யூட்டர் படிச்சுட்டானா?

— எனக்கும் அதே ரேட்தான் சார் போடறாங்க. நான் வேணும்னா பத்து வருஷத்துக்கும் சேர்த்து இப்பவே ஒரு கணக்கு போட்டுத் தர்றேன். பின்னால யாரும் ஃபோன் பண்ணி கேக்க மாட்டாங்க.

— அதைத்தான் அப்பலருந்து கேட்டுக்கிட்டிருக்கேன். பின்னால யாரும் இவளுக்கு ஃபோன் பண்ணக்கூடாது. புதுப்பிக்கணும், கட்டணும், இல்லைன்னா போயிடும்னு எவனாவது பேசினா இவ பயந்துக்கிட்டு கட்டிடுவா. கண்ணாடி வெட்டறப்ப கை நடுங்காது, பணம்னு யாராவது அதட்டினா நடுங்கிடும். எங்கிட்ட இருந்து வந்தது.

— நான் ஒண்ணும் நடுங்க மாட்டேன்.

— சரி, நடுங்க மாட்ட. தம்பி, அளவு போட்டா விலை வர்ற மாதிரி ஒரு பக்கம் வேணும். நீளம், அகலம், உயரம் போடுவான், இவ்வளவு ஆகும்னு காட்டணும். அது இந்தத் தொகைக்குள்ள இருக்கா?

— அது கூடுதல் வசதி சார்.

— தொட்டிக்கு அடிக் கண்ணாடி கூடுதல் வசதின்னு நான் சொல்லிப் பார்க்கறேனே ஒரு நாள்.

— சரி சார், சரி. சேர்த்துக்கறேன். கணக்கு நீங்க சொல்லணும். எந்த அளவுக்கு எந்தக் கண்ணாடி?

— அவளைக் கேளுங்க.

— உயரத்தைத்தான் மொதல்ல பார்க்கணும் சார். நீளத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுவாங்க, ஆனா தண்ணி தள்ளறது உயரத்துக்குத் தகுந்த மாதிரி. ஒரு முழ உயரம் வரைக்கும் ஒரு தடிமன், அதைத் தாண்டினா அடுத்த தடிமன். ரொம்ப உயரமாக் கேட்டா விலையே காட்டக்கூடாது. ஃபோன் பண்ணுங்கன்னு வரணும்.

— ஏன் மேடம்? விலை காட்டினா ஆர்டர் வருமே.

— வரும். வெடிச்சா வீட்டுக்குள்ள வெள்ளமும் வரும். அந்த ஆர்டரை நான் பேசித்தான் எடுப்பேன்.

— கேட்டீங்களா தம்பி? இதை நான் சொல்லிக் குடுக்கலை. நான் இருந்தா விலையைப் போட்டுட்டு, ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டிருப்பேன்.

— இப்ப மாசத்துக்கு எத்தனை தொட்டி போகுது சார்?

— இவதான் பார்த்துக்கறா. நான் பட்டறைப் பக்கம் போயே ரொம்ப நாள் ஆச்சு. உடம்பு சுகமில்லைன்னு வீட்ல பொம்மை மாதிரி உக்கார வெச்சிருக்கா. இந்த மாசம் எத்தனை சில்லு? ஏழா?

— ஏழு.

— அடேங்கப்பா. நான் நல்லா இருந்தப்பவே ஏழு போனதில்லை.

— நல்ல பிசினஸ் சார். அப்ப முகப்புப் பக்கத்துல உங்க ஃபோட்டோ ஒண்ணு போடலாம். நிறுவனர்னு. ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்.

— இந்த மூஞ்சியைப் பார்த்தா தொட்டி வாங்க வரமாட்டான், துக்கம் கேக்க வருவான். என் ஃபோட்டோவும் வேணாம், பேரும் வேணாம். இவ கண்ணாடி வெட்டற கை இருக்கு பாருங்க, அதை ஒரு படம் எடுத்துப் போடுங்க. படத்துக்குத் தனியா உண்டா?

— நானே வந்து எடுத்துக்கறேன் சார். ஃப்ரீ. பட்டறை விலாசம் சொல்லுங்க.

— விலாசம் எதுக்கு?

— வேணாம் சார். விலாசம் வேணாம்.

— பாருங்க, அப்பனும் பொண்ணும் ஒரே மாதிரி சொல்றோம். இது ரொம்ப அபூர்வம், எழுதி வெச்சுக்கோங்க. அவ ஃபோன் நம்பர் போதும். யாரு வேணும்னாலும் அவளைக் கூப்பிடட்டும், அவ அளவெடுக்கப் போவா. ஒருத்தரும் தேடிக்கிட்டு வரவேணாம்.

— படம் எங்க எடுக்கறது மேடம்?

— ஒரு கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டு வர்றேன். அங்க எடுத்துக்கலாம்.

— சரி. அப்புறம் மின்னஞ்சல் ஒண்ணு, வருஷத்துக்கு இத்தனை திருத்தம், எல்லாத்தையும் சேர்த்துட்டேன் சார். இதுதான் மொத்தம். பத்து வருஷத்துக்கு. எறும்பு வரியே கிடையாது, பாருங்க. எனக்கே இப்படி ஒரு தாள் அடிச்சதா ஞாபகம் இல்லை.

— இருங்க. நீங்களே கடையைச் சாத்திட்டுப் போயிட்டா?

— சார், நான் எங்க போவேன்? இந்த ரூமுக்கே ரெண்டு மாச வாடகை பாக்கி.

— அதனாலதான் கேக்கறேன். அந்த வாடகை வாங்கற கம்பெனிக்கு நீங்க வருஷா வருஷம் கட்டறதுக்குப் பதிலா, அவ பேர்ல நேரா முழுசையும் இப்பவே கட்ட வழி இருக்கா?

— நாலு வருஷம்தான் ஒரே பில்லா எடுப்பாங்க சார். மிச்சத்தை அவங்க கணக்குல முன்பணமாப் போட்டு வைக்கலாம். அதுவா கழிஞ்சுக்கும். ஆனா ஒண்ணு, போட்டா திரும்ப எடுக்க முடியாது. உங்க நல்லதுக்குச் சொல்றேன்.

— எடுக்கவே முடியாதா?

— முடியவே முடியாது.

— அங்கதான் போடணும்.

— அப்பா, அவர் எடுக்க முடியாதுன்னு சொல்றார்.

— காது கேக்குது. காது மட்டும்தான் முழுசா வேலை செய்யுது. தம்பி, உங்க கூலியும் சேர்த்து மொத்தத்தையும் இன்னிக்கே தர்றேன். அந்தத் தாள்ல கடைசியா ஒரு வரி சேர்த்து எழுதுங்க. எப்ப, யாரு வந்து கேட்டாலும், என்ன காரணம் சொன்னாலும், பணம் திருப்பித் தரப்படமாட்டாது.

— சார், நீங்க தலைகீழாச் சொல்றீங்க. திருப்பித் தரணும்னு எழுதுன்னுதான் எல்லாரும் சண்டை போடுவாங்க. அதுவும் இல்லாம, பாதி இப்ப, பாதி வேலை முடிஞ்சப்புறம். அதுதான் வழக்கம். இவ்வளவு நேரம் என்னை உலுக்கி எடுத்துட்டு, கடைசில மொத்தத்தையும் தூக்கிக் குடுக்கறீங்க.

— உங்களை நான் நம்பாம இல்லை தம்பி. பணத்தைத்தான் நம்பலை. என் கையில இருந்தா அதுக்கு வேற வேலை வந்துடும்.

— என்ன வேற வேலை? பணம் வந்து ஒரு வாரம் ஆகலை. தொட்டி வாங்கிட்டு எட்டு வருஷமா காசு தராத ஹோட்டல்காரர் பழைய பாக்கியைக் கொண்டு வந்து குடுத்தார்னு எவ்வளவு சந்தோஷமாச் சொன்ன. கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும்ப்பா. அடுத்த வாரம் உனக்கு ஊசி இருக்கு.

— ஊசிக்கு என்ன? இன்ஷூரன்ஸ்காரன் தர்றான்னு நீதானே சொன்ன. நீ கையில குடுத்தனுப்பற, நான் போய் ஆஸ்பத்திரில கட்டறேன், அவன் பின்னால உனக்குத் திருப்பித் தந்துடறான். அப்படித்தானே?

— அப்படித்தான்.

— அப்புறம் என்ன? நம்ம பணம் ஒரு பைசா போகலை. எழுதுங்க தம்பி.

— மேடம்?

— எழுதுங்க சார். அவர் முடிவு பண்ணிட்டார்னா கண்ணாடியில கோடு போட்ட மாதிரி. அப்புறம் அந்த வழியாத்தான் உடையும்.

— இந்தாங்க சார். கையெழுத்து இங்க. நீங்களும் மேடம்.

— எண்ணிக்கோங்க. எல்லாம் பழைய நோட்டு, கொஞ்சம் கசங்கியிருக்கும், என்னை மாதிரி. தம்பி, இந்த மாடியில பாத்ரூம் எந்தப் பக்கம்? அதுக்குத் தனி சார்ஜ் உண்டா?

— நேராப் போய் இடது பக்கம் சார். ஃப்ரீதான்.

— மொத வருஷம் மட்டுமா?

— நான் கூட வரட்டாப்பா?

— அங்கயுமா? உக்காரு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே போயிடுவேன்.

— ...

— சார், கதவைச் சாத்துங்க. அவர் மெதுவாத்தான் வருவார், அதுக்குள்ள சொல்லிடறேன். இந்தப் பணத்துல ரெண்டு ஊசிக்கு ஆகற அளவையாவது நீங்க எனக்குத் திருப்பித் தரணும்.

— மேடம், இப்பதான் கையெழுத்து போட்டோம். மை கூடக் காயலை.

— தெரியும். ஒரே ஒரு பக்கம் செஞ்சு குடுங்க. அவர் ஃபோன்ல தட்டினா பேரும் ஒரு தொட்டிப் படமும் வந்தா போதும். பத்து வருஷம் வேணாம். ஆறு மாசம் போதும்.

— ஆறு மாசமா? அப்புறம்?

— ஆறு மாசத்துக்கு அப்புறம் டாக்டர் எதுவும் பேசறதில்லை. நானும் கேக்கறதில்லை.

— சாரி மேடம். நான் ஏதோ சாதாரணமா உடம்பு சரியில்லைன்னு நினைச்சேன். ஆனா சைட் உங்களுக்காகத்தானே கேக்கறார். மாசம் ஏழு தொட்டி போற பட்டறைக்கு இது செலவே இல்லை.

— பட்டறை இல்லை சார்.

— புரியலை.

— வித்துட்டேன். என் பேர்லதான் எழுதி வெச்சிருந்தார், எனக்குன்னு. மழைக்கு முன்னாடி வித்துட்டேன். மேசை, கட்டர், வாங்கி வெச்ச கண்ணாடி எல்லாத்தோடவும். வாங்கினவர் என்னையே கூலிக்கு வெச்சிருக்கார், அதே மேசையில. ஏழு தொட்டின்னு நான் சொன்னது பொய் இல்லை. ஏழு செஞ்சேன். யாரோடதுன்னுதான் சொல்றதில்லை.

— அப்ப இன்ஷூரன்ஸ்?

— ரெண்டாவது ஊசியோட அவங்க கையை விரிச்சுட்டாங்க. மூணு வாரத்துக்கு ஒரு ஊசி. ஒவ்வொண்ணும் என்ன விலைன்னு தெரிஞ்சா அவர் போட்டுக்க மாட்டார். அதனால இன்ஷூரன்ஸ், இன்ஷூரன்ஸ்னு சொல்லி கையில பணத்தைக் குடுத்து அனுப்பறேன். கூடப் போகவும் முடியறதில்லை, லீவு போட்டா அன்னிக்குக் கூலி கிடையாது. பட்டறை வித்த பணம் இன்னும் ஒரு ஊசிக்குத்தான் வரும். ஹோட்டல்காரர் பாக்கி வந்துச்சுன்னதும் விரல் விட்டு எண்ணினேன், இன்னும் ரெண்டு, மூணு போடலாம்னு. அதை எடுத்து உங்க மேசையில வெச்சுட்டார்.

— கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. ஊசியால குணம் தெரியுதா?

— மொதல்ல தெரிஞ்சுது. எழுந்து நடந்தார், சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு சண்டை போட்டார். அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. இப்ப ரெண்டு மாசமா இறங்கிக்கிட்டே வர்றார். ஏன்னே புரியலை. விடாமப் போட்டா திரும்பப் பிடிச்சுக்கும்னு நினைக்கறேன். நடுவுல மட்டும் நின்னுடக் கூடாது.

— அழாதீங்க மேடம். அவர் வந்துடுவார்.

— நான் அழலை. உங்க ரூம்ல தூசி ஜாஸ்தி.

— நான் இன்னும் எங்கயும் கட்டலை. பணம் இந்த டிராயர்லதான் இருக்கு. நாளைக்கு வாங்க, தர்றேன். ரெண்டு ஊசிக்கு என்ன, என் கூலியையும் சேர்த்து எடுத்துக்கோங்க. இந்தத் தாளைக் கிழிச்சுடட்டுமா?

— கிழிக்காதீங்க. அவர்கிட்ட ஒண்ணு இருக்குல்ல, வீட்ல எடுத்து எடுத்துப் பார்ப்பார். இருந்துட்டுப் போகட்டும். வர்றார், பேச்சை மாத்துங்க.

— அப்ப மேடம், பின்னணி நீலமா, பச்சையா?

— நீலம் போடுங்க தம்பி, மீனுக்கே அதுதான் பிடிக்கும். உங்க பாத்ரூம் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு. உள்ள ஒரு வாஷர் மாத்தினா நிக்கும். லிஃப்டுக்கு நாளைக்கு வர்ற ஆள்கிட்ட சொல்லுங்க. சில்லு, நீ கீழ போய் ஒரு வண்டியை நிறுத்தும்மா. என்னால தெருவுல ரொம்ப நேரம் நிக்க முடியாது. தம்பி கையைப் பிடிச்சு இறங்கிடறேன்.

— நானே இறக்கறேன்ப்பா.

— நீ இறக்கினா படிக்கு ஒரு தடவை வலிக்குதான்னு கேப்ப. இவர் கேக்க மாட்டார், அன்னியர். போ.

— சார், பார்த்து. ஒவ்வொரு படியா. இடது கையைப் பிடிக்காதீங்க, ஊசி போடற கை.

— சரி மேடம்.

— ...

— போயிட்டாளா?

— இறங்கறாங்க சார். கையைக் குடுங்க.

— அவசரம் இல்லை, ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன். எவ்வளவு திருப்பிக் கேட்டா?

— சார்?

— முழுசாக் கேக்க மாட்டா. உங்க கூலியை விட்டுட்டுக் கேட்டிருப்பா, நியாயமான பொண்ணு.

— ரெண்டு ஊசிக்கு ஆகற அளவு சார்.

— தர்றேன்னு சொல்லிட்டீங்க.

— சொல்லிட்டேன் சார். என்னால மாட்டேன்னு சொல்ல முடியலை. அவங்க சொன்ன விஷயம் அப்படி.

— பட்டறையை வித்துட்டேன்னு சொல்லியிருப்பா.

— உங்களுக்குத் தெரியுமா?

— ரெண்டு மாசமாத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஒரு நாள், சும்மா எட்டிப் பார்ப்போம், ஏழு தொட்டி செய்யற பட்டறை எப்படி இருக்குன்னு பார்ப்போம்னு வண்டியை அந்தப் பக்கமா விடச் சொன்னேன். பலகையில வேற பேரு. உள்ள இவ குனிஞ்சு கண்ணாடி வெட்டிக்கிட்டிருக்கா. யாரோ ஒருத்தர் நாற்காலில சாஞ்சுக்கிட்டு, அங்க விரல் பட்ட கறை இருக்கு, துடைன்னு சொல்றார். இவ சரிங்கன்னு துடைக்கறா. நான் வண்டியை விட்டு இறங்கலை.

— ஏன் சார் அவங்ககிட்ட கேக்கலை?

— கேட்டு? அவளுக்குப் பொய் சொல்ல வராது தம்பி. ரொம்பக் கஷ்டப்பட்டுச் சொல்றா. தினம் சாயங்காலம் வந்து, இன்னிக்கு இன்னார் வந்தார், இப்படி ஒரு தொட்டி கேட்டார்னு கதை சொல்லுவா. நடுவுல பெயரை மறந்துடுவா, நான் எடுத்துக் குடுப்பேன். நல்லாத்தான் போகுது.

— பட்டறை இல்லாம இந்த சைட்டை வெச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?

— கண்ணாடி வெட்ட என்ன வேணும்? ஒரு மேசை, ஒரு கட்டர். வீட்டு முன்ரூம்ல என் கட்டில் கிடக்கு, அதை எடுத்துட்டா மேசைக்கு இடம் இருக்கு. ஆள் அவளைத் தேடி வர்றதுக்கு ஒரு வழிதான் வேணும். அதை உங்ககிட்ட வாங்கியிருக்கேன். அவ பேர்ல, பத்து வருஷத்துக்கு, எனக்காக அவளால விக்க முடியாத ஒண்ணு.

— சார், நான் இந்த மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு எத்தனையோ பேருக்கு எறும்பு வரி போட்டவன். உங்ககிட்ட மட்டும் மனசாரச் சொல்றேன். வெப்சைட் எங்கயும் ஓடிப் போகாது. நான் ஒரு பைசா வாங்காம செஞ்சு தர்றேன், பத்து வருஷத்துக்கும் நானே பார்த்துக்கறேன், எழுதித் தர்றேன். அந்த ஹோட்டல்காரர் பணத்தை எடுத்துட்டுப் போய் ஊசியைப் போட்டுக்கோங்க.

— எந்த ஹோட்டல்காரர் தம்பி? அந்த ஆள் இன்னும் ஒரு பைசா தரலை. உங்க டிராயர்ல இருக்கறது ஊசிக்குன்னு அவ என் கையில குடுத்தனுப்பின பணம்தான், அந்தப் பலகையைப் பார்த்த நாள்லருந்து நான் ஒண்ணுகூடப் போட்டுக்கலை.